சவுண்ட் கார்டும் சாய்ந்த படங்களும்

சிற்றலையில் 14.230 மெகாஹெர்ட்ஸுக்கு ரேடியோவைத் திருப்பினால் பெரும்பாலும் பேச்சு கேட்காது. விசில் அடிப்பது போலவும், யாரோ வேகமாகச் சீப்பை உரசுவது போலவும் ஒரு சத்தம் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். அது ஒரு புகைப்படம். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு ஹாம் தன் வீட்டுப் பூனையையோ, ஆன்டெனாவையோ, பனி மூடிய தெருவையோ சத்தமாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார். இதற்கு ஸ்லோ ஸ்கேன் டெலிவிஷன் என்று பெயர். சுருக்கமாக எஸ்.எஸ்.டி.வி.

1990-களின் பின்பாதியில் வீட்டுக் கணினியில் சவுண்ட் கார்டு சாதாரணமானது. அதற்குமுன் பல நூறு டாலர் விலையில் தனிப் பெட்டி வாங்கிச் செய்ததை இப்போது ஒரு மென்பொருளும் ஒரு ஒயரும் இருந்தால் யாரும் செய்யலாம் என்றானது. ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கணினியில் சொருகினால் போதும், படம் வரும். வந்தது. ஆனால் சாய்ந்து வந்தது. மேலே சரியாகத் தொடங்கி, கீழே வர வர ஒரு பக்கமாக நழுவி, மனிதர்கள் எல்லோரும் புயற்காற்றில் நிற்பவர்கள் போல, கட்டடங்கள் எல்லாம் பைசா கோபுரம் போல. வண்ணம் சரி, தெளிவு சரி, ஆள் மட்டும் நேராக நிற்க மாட்டார்.

இந்தச் சாய்வு ஏன் வந்தது, அதை எப்படி நிமிர்த்தினார்கள் என்பது நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு சிக்கலின் கடைசி அத்தியாயம்.

கம்பி வழியாகவோ ரேடியோ வழியாகவோ ஒரு படத்தை அனுப்புவது என்றால், அதை வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படித்து, ஒரு புள்ளியின் வெளிச்சத்தை ஒரு சமயத்தில் அனுப்புவது. 'இது பத்தாவது வரியின் முப்பதாவது புள்ளி' என்ற முகவரி எதுவும் கூடப் போவதில்லை. அந்தப் புள்ளி எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதுதான் அதன் முகவரி. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே வேகத்தில் கடிகாரத்தை ஓட்டினால் படம் நேராக நிற்கும். பெறுபவரின் கடிகாரம் மெதுவாக ஓடினால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் நழுவும். வேகமாக ஓடினால் வலப்புறம். சாய்வு என்பது இரண்டு கடிகாரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் வரைபடம், வேறொன்றுமில்லை.

இதை முதலில் உணர்ந்தவர் ஒரு கடிகாரத் தொழிலாளி என்பதில் ஆச்சரியமில்லை. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெய்ன் 1843-இல் தந்தி வழியாக எழுத்து வடிவங்களை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசி வருவதற்கு 33 வருடம் முன்பு! இரு முனையிலும் ஒவ்வொரு ஊசல். ஒன்று அச்செழுத்துகளின் மேல் உரசிப் போகும், மற்றது ரசாயனம் தடவிய தாளின் மேல் உரசிப் போகும். இரண்டும் ஒத்து ஆட வேண்டும். ஆடாவிட்டால் எழுத்து குலையும். பிறகு ஜியோவான்னி கசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார் இதையே பெரிதாக்கினார். அவருடைய பான்டெலிகிராஃப் 1865-இல் பாரீசுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்கள் சேவைக்கே வந்துவிட்டது. அதிலும் ராட்சத ஊசல்கள்தான், அவற்றை ஒழுங்குபடுத்தக் கடிகாரங்கள்தான். 1920-களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. பத்திரிகைப் படங்களை அனுப்பியபோது ஊசலின் இடத்துக்கு இசைக்கவை வந்தது. கருவி மாறியது. கேட்ட கேள்வி மாறவில்லை: உன் விநாடியும் என் விநாடியும் ஒன்றுதானா?

எஸ்.எஸ்.டி.வி.யைக் கண்டுபிடித்த காப்தோர்ன் மெக்டொனால்டு இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் மிக எளிமையானது. 1957-இல் அவர் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். சாதாரண டெலிவிஷனுக்கு அமெரிக்காவில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் தேவை. ஹாம்களுக்குச் சிற்றலையில் ஒரு பேச்சுக்குக் கிடைப்பதோ 3 கிலோஹெர்ட்ஸ், அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. படத்தை அவ்வளவு மெதுவாக அனுப்பினால் இந்தச் சந்துக்குள் நுழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். ரேடார் திரைகளில் பயன்பட்ட பி7 வகைப் படக்குழாயில் ஒளி பட்ட இடம் சில விநாடிகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி, 120 வரிகளை 8 விநாடியில் வரையும்படி ஓர் அமைப்பைச் செய்தார். இருட்டறையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கடைசி வரி வரும்போது முதல் வரி மங்கத் தொடங்கியிருக்கும். 1958 ஆகஸ்ட், செப்டம்பர் மாத க்யூஎஸ்டி இதழ்களில் அவருடைய கட்டுரை வந்தது. (இதே மனிதர் பின்னாளில் கனடாவுக்குக் குடிபோய், ஞானம் என்றால் என்ன என்பது பற்றிப் புத்தகம் எழுதினார். 2011-இல் காலமானார்.)

சரி, 8 விநாடியில் 120 வரி என்றால் விநாடிக்கு 15 வரி. ஏன் 15? அமெரிக்காவில் சுவரில் உள்ள பிளக்கில் வரும் மின்சாரம் விநாடிக்கு 60 முறை துடிக்கிறது. அதை நான்கால் வகுத்தால் 15. கடிகாரம் தனியாக வேண்டாம், மின்வாரியமே கடிகாரம்! ஒரே மின்தொகுப்பில் இருக்கும் இரண்டு ஊர்களில் அந்த 60 ஒன்றாகவே துடிக்கும். ஐரோப்பாவில் மின்சாரம், நம் ஊரைப் போல, 50 ஹெர்ட்ஸ். அங்கே அதை மூன்றால் வகுத்து விநாடிக்கு பதினாறு வரியும் இரண்டு மூன்றில் ஒரு பங்கு வரியும் என்று வைத்துக்கொண்டார்கள். படம் 7.2 விநாடியில் முடிந்துவிடும்.

இரு கண்டங்களுக்கும் வேகம் வேறு வேறு என்றால் படம் சிதறாதா? சிதறாமல் காப்பாற்றியது சிங்க் துடிப்பு. கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300 ஹெர்ட்ஸ், நடுவில் உள்ள சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட சத்தங்கள். இவை எதிலும் சேராத 1200 ஹெர்ட்ஸ் சத்தம் ஒவ்வொரு வரிக்கும் முன்பு 5 மில்லி விநாடி ஒலிக்கும். அதைக் கேட்டதும் பெறுபவரின் திரையில் ஒளிப்புள்ளி இடது ஓரத்துக்குத் திரும்பிவிடும். வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு வரி முடிந்ததும் 'அடுத்த வரி' என்று சொல்லிச் சொல்லி எழுதவைப்பது போல. கடிகாரம் கொஞ்சம் தவறினாலும் தவறு ஒரு வரியோடு முடிந்துவிடும், அடுத்த வரிக்குச் சேராது.

இந்த முறையில் சாய்வு என்ற வியாதியே கிடையாது. வேறு வியாதி உண்டு. சிற்றலையில் இரைச்சல் அதிகம். மின்னல், பக்கத்து நிலையம், சத்தம் மங்கி எழுவது. ஒரு சிங்க் துடிப்பு இரைச்சலில் காணாமல் போனால் அந்த வரி எங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். இரைச்சலே துடிப்பு போலத் தோன்றினால் நடு வரியில் திரும்பிவிடும். படம் கிழிந்த துணி மாதிரி வரும்.

அமெரிக்க அரசு 1968-இல் ஹாம்களுக்கு எஸ்.எஸ்.டி.வி.யை முறைப்படி அனுமதித்தது. அதன்பின் ரோபாட் ரிசர்ச் என்ற நிறுவனம் இதற்கென்றே பெட்டிகள் செய்து விற்றது. 1985-இல் விண்வெளி ஓடத்திலிருந்து டோனி இங்கிலாந்து என்ற விண்வெளி வீரர் ஹாம்களுக்குப் படம் அனுப்பினார். அந்தக் காலத்தின் கடைசிப் பெரிய பெட்டி ரோபாட் 1200சி. உள்ளே மின்னணு நினைவகம், வண்ணப் படம், குவார்ட்ஸ் படிகம் போட்ட கடிகாரம் எல்லாம் இருந்தன. இரண்டு பிரிட்டிஷ் ஹாம்கள், இங்கிலாந்தின் மார்ட்டின் எம்மர்சனும் ஸ்காட்லாந்தின் எட்டி மர்ஃபியும், அந்தப் பெட்டியின் ரோம் சிப்பைக் கழற்றிவிட்டுத் தங்கள் நிரலைச் சொருகினார்கள். அவர்கள் யோசித்தது இதுதான்: இரு முனையிலும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறதே, பிறகு எதற்கு வரிக்கு வரி சிங்க் துடிப்பைத் தேட வேண்டும்? தொடக்கத்தை ஒரு முறை சரியாகப் பிடித்தால் போதும், மீதியைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். இரைச்சல் என்ன செய்தாலும் புள்ளிகள் தங்கள் இடத்தில்தான் விழும். மார்ட்டின், ஸ்காட்டி என்று அவர்கள் பெயரையும் ஊரையும் தாங்கிய அந்த முறைகள்தான் உலகம் முழுக்கப் பரவின. அமிகா கணினிக்காக வந்த ஏ.வி.டி. என்ற முறை இன்னும் ஒருபடி மேலே போய், வரிகளுக்கிடையே சிங்க் துடிப்பையே ஒழித்துவிட்டது. தொடக்கத்தைத் தவறவிட்டால் படம் போனதுதான்.

இரைச்சலை வென்றாயிற்று. அதற்குக் கொடுத்த விலை, சேர்ந்துகொண்டே போகும் தவறு. 'அடுத்த வரி' என்று சொல்ல ஆளில்லாத வகுப்பில் ஒரு மாணவனின் வேகம் இம்மியளவு குறைந்தாலும் பாடம் முடியும்போது எங்கோ பின்தங்கியிருப்பான்.

எவ்வளவு இம்மி? மார்ட்டின் 1 முறையில் 256 வரிகள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றையும் அடுத்தடுத்து அனுப்ப ஒரு வரிக்கு 446.446 மில்லி விநாடி. முழுப் படத்துக்கு 114 விநாடி. ஒரு நிறத்தின் 320 புள்ளிகளில் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.4576 மில்லி விநாடி. இப்போது இரண்டு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் நூறு பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். கைக்கடிகாரத்தில் இது ஒரு நாளைக்கு எட்டரை விநாடி. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் 114 விநாடியில் இது 11.4 மில்லி விநாடி, அதாவது 25 புள்ளிகள். 320 புள்ளி அகலப் படத்தில் கடைசி வரி 25 புள்ளி தள்ளி நிற்கும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் சாய்வு.

ரோபாட் பெட்டி ஒருபுறம் இருக்க, கணினி வைத்திருந்தவர்கள் 1990-களின் தொடக்கத்தில் வேறு வழி பார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஜே.வி.ஃபேக்ஸ் என்ற டாஸ் மென்பொருளுக்குச் சவுண்ட் கார்டே வேண்டாம். ஒரு 741 சிப்பும் நாலைந்து உதிரி பாகங்களும் கொண்ட சின்னச் சுற்றைக் கணினியின் சீரியல் போர்ட்டில் சொருக வேண்டியதுதான். சத்தத்தின் ஒவ்வொரு அலையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணினியின் உள் டைமரால் அளந்து, அதிலிருந்து நிறத்தைக் கண்டுபிடிக்கும். அந்த டைமரின் வேகம் 1.193182 மெகாஹெர்ட்ஸ். விநோதமான எண்ணாக இருக்கிறதே என்றால், அதன் பின்னணி இன்னும் விநோதம். 1981-இல் ஐ.பி.எம். தன் கணினியை வீட்டு டிவியிலும் இணைக்கலாம் என்று எண்ணி, அமெரிக்க வண்ண டிவியின் துணை அலையைப் போல நான்கு மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் போட்டது. டைமருக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக ஹாம்களின் மெதுவான டிவி, வேகமான டிவியின் கடிகாரத்தைக் கடன் வாங்கி ஓடியது! அதுவும் கணினிக்குக் கணினி கொஞ்சம் வேறுபடும். அந்த எண்ணின் கடைசி இலக்கங்களைக் கூட்டியும் குறைத்தும் படத்தை நிமிர்த்திக்கொள்ள மென்பொருளில் இடம் இருந்தது.

விண்டோஸ் 95 வந்ததும் இந்த வழி அடைபட்டது. ஒரே நேரத்தில் பத்து வேலை பார்க்கும் விண்டோஸில் ஒரு நிரல் 'இந்தக் கணத்தில் என்ன நேரம்' என்று மில்லி விநாடிக்கும் கீழே துல்லியமாகக் கேட்க முடியாது. கேட்டுப் பதில் வருவதற்குள் வேறொரு நிரல் குறுக்கே புகுந்துவிடும். அங்கேதான் சவுண்ட் கார்டு கைகொடுத்தது. சவுண்ட் கார்டு சத்தத்தை விநாடிக்கு 11025 முறை அளந்து எண்களாக வரிசையில் அடுக்கிக் கொடுக்கும். நிரல் தாமதமாக வந்து எடுத்துக்கொண்டாலும் வரிசை குலையாது. எனவே நேரத்தைப் பார்க்கவே வேண்டாம், எண்களை எண்ணினால் போதும். 11025 எண்கள் கடந்தால் ஒரு விநாடி கடந்தது. மார்ட்டின் 1 முறையின் ஒரு வரி என்றால் 4922 எண்கள்.

யோசனை அழகானதுதான். ஆனால் சவுண்ட் கார்டு செய்தவர்கள் அதைக் கடிகாரமாகச் செய்யவில்லை. பாட்டுக் கேட்கவும் விளையாட்டில் துப்பாக்கி வெடிக்கவும் செய்தார்கள். ஒரு பாட்டு ஆயிரத்தில் மூன்று பங்கு மெதுவாக ஓடினால் எந்தக் காதுக்கும் தெரியாது.

முதல் தலைமுறை சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றுக்குள் ஓடிய அடிப்படை எண்ணிக்கை விநாடிக்குப் பத்து லட்சம். அதை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் வேகத்தை அமைக்க முடியும். 11025 வேண்டுமென்றால் 90.7-ஆல் வகுக்க வேண்டும். அது முடியாது. 91-ஆல் வகுத்தால் கிடைப்பது 10989. 90-ஆல் வகுத்தால் 11111. நிரல் 11025 என்று கேட்கும், அட்டையும் 'ஆகட்டும்' என்று சொல்லும். உள்ளே ஓடுவது 10989. ஒவ்வொரு வரியிலும் மூன்று புள்ளிக்கு மேல் இடப்புறம் நழுவி, 114 விநாடி முடிவில் தவறு 0.37 விநாடி. ஒரு வரியின் முழு நீளமே 0.446 விநாடி என்னும்போது, கீழ்ப்பாதியில் ஒருவர் முகத்தின் மேல் இன்னொரு நிறத்தில் அவர் தோளே வந்து உட்கார்ந்துவிடும்.

பிறகு வந்த அட்டைகள் இவ்வளவு மோசமில்லை. 1997-இல் இன்டெல் வகுத்த ஏ.சி.97 தரப்படி மதர்போர்டிலேயே ஒலிச் சிப் வரத் தொடங்கியது. அதன் படிகம் 24.576 மெகாஹெர்ட்ஸ். அதை 512-ஆல் வகுத்தால் கச்சிதமாக 48000. ஆனால் 11025 என்பது சி.டி.யின் 44100-இல் கால் பங்கு, 48000-இன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே பல சிப்களில் டிரைவர் மென்பொருள்தான் 48000-ஐ 11025-ஆக மாற்றித் தர வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தில் எங்கேயாவது முழு எண்ணாக்கும் சோம்பேறித்தனம் இருந்தால் அது நேராகப் படத்தில் வந்து சாயும். டிரைவர் ஒழுங்காக இருந்தாலும் மலிவான படிகத்தின் தவறே பத்து லட்சத்தில் ஐம்பது, நூறு பங்கு இருக்கும். இன்னும் சில அட்டைகளில் ஒலியைப் பதிவுசெய்யும் வேகம் ஒன்று, வெளியிடும் வேகம் வேறொன்று. வருகிற படம் நேராக இருக்கும், போகிற படம் சாயும்.

இதுதான் பெரிய சங்கடம். தன் திரையில் படம் சாய்ந்தால் தனக்குத் தெரியும். தான் அனுப்பும் படம் சாய்ந்தால் ஊருக்கெல்லாம் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது.

புதிதாக வந்தவர் முதலில் செய்வது என்ன? யாரோ ஒருவருடைய படம் சாய்ந்து வருகிறது. அது நேராகும்வரை தன் மென்பொருளில் உள்ள எண்ணைத் திருகுகிறார். நேரானது. மகிழ்ச்சி. அடுத்த ஆளின் படம் மறுபக்கம் சாய்கிறது. இப்போது தவறு யாருடையது? முதல் ஆளின் கடிகாரம்தான் தவறு என்றால், அவரைப் பார்த்துத் திருத்திக்கொண்டவர் அந்தத் தவறை அப்படியே தத்தெடுத்துவிட்டார். இனி அவர் அனுப்பும் படங்களும் அதே அளவு சாயும். அதைப் பார்த்து மூன்றாமவர் திருத்திக்கொள்வார். இரண்டு பேர் மட்டும் என்றால் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனால் போதும். உலகம் முழுக்க உள்ள முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் வெளியே ஒரு விநாடி வேண்டும்.

அந்த விநாடி ஏற்கெனவே காற்றில் இருந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ்களில் இரவு பகலாக நேரத்தை ஒலிபரப்புகிறது. அணுக் கடிகாரத்தோடு கட்டிப்போட்ட நேரம். ஒவ்வொரு விநாடிக்கும் 'டிக்' என்று 5 மில்லி விநாடி நீளமுள்ள ஒரு சத்தம். 29-ஆவது, 59-ஆவது விநாடிகளில் மட்டும் 'டிக்' இருக்காது. ஹவாயிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.ஹெச்., சீனாவிலிருந்து பி.பி.எம்., மாஸ்கோவிலிருந்து ஆர்.டபிள்யூ.எம். என்று உறவினர்களும் உண்டு. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஏ.டி.ஏ. என்ற பெயரில் இப்படி ஒன்றை ஒருகாலத்தில் நடத்தியது.

ஜப்பானிய ஹாம் மகோட்டோ மோரி எழுதி இலவசமாகக் கொடுத்த எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. என்ற மென்பொருள் இந்த 'டிக்'கைப் பிடித்துக்கொண்டது. அதன் அமைப்புகளுக்குள் கடிகாரத்தைத் திருத்த ஒரு சிறு ஜன்னல். ரேடியோவை 10 மெகாஹெர்ட்ஸ் நேர நிலையத்துக்குத் திருப்பிவிட்டு ஜன்னலைத் திறந்தால், மென்பொருள் தான் ஒரு விநாடி என்று நம்பும் அளவுக்கு எண்களை எண்ணி ஒரு வரி வரையும். அடுத்த விநாடிக்கு அடுத்த வரி. 'டிக்' விழும் இடத்தில் ஒரு புள்ளி. சவுண்ட் கார்டு சரியென்றால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்து நேர்க்கோடாக இறங்கும். இல்லையென்றால் கோடு சாயும். கோட்டின் இரு முனைகளை மவுஸால் தொட்டுக் காட்டினால் 11025 என்ற எண் 11026.10 என்றோ 11023.85 என்றோ மாறி உட்கார்ந்துகொள்ளும். 1.1 ஹெர்ட்ஸ் மாறினால் பத்து லட்சத்தில் நூறு பங்கு திருத்தம் என்று அர்த்தம்.

கவனித்தால், இந்த ஜன்னலும் ஒரு எஸ்.எஸ்.டி.வி. படம்தான். விநாடிக்கு ஒரு வரி வரும் படம், அனுப்புபவர் அணுக் கடிகாரம், படத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு. பெய்ன் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

நேர நிலையம் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே, சத்தம் வந்து சேரத் தாமதம் ஆகாதா என்றால், ஆகும். 33 மில்லி விநாடி. ஆனால் எல்லா 'டிக்'கும் அதே அளவு தாமதமாகவே வருவதால் கோடு நகர்ந்து தொடங்குமே தவிரச் சாயாது. அயனி மண்டலம் மேலும் கீழும் அசைவதால் மட்டும் கோடு கொஞ்சம் நடுங்கும். அதற்கு மருந்து பொறுமை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருத்தினால் நடுக்கத்தையே தவறென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் உண்மைச் சாய்வு தனியாகத் தெரியும். கணினியைப் போட்டதும் செய்யாமல், உள்ளே சூடு ஏறி நிலைத்தபின் செய்வது நல்லது. படிகத்தின் வேகம் வெப்பத்தோடு சற்று மாறும்.

அனுப்பும் வேகம் தனியாகத் தவறும் அட்டைகளுக்கு எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி.யில் இன்னொரு எண் உண்டு. திருத்திய பெறும் கடிகாரத்தைச் சாட்சியாக வைத்து, வெளியே போகும் சத்தத்தைத் தானே கேட்டு, தன் படம் நேராக வரும்வரை அந்த எண்ணைத் திருத்த வேண்டும். வரிசை முக்கியம். முதலில் கேட்கும் காது, பிறகுதான் பேசும் வாய்.

இதில் ஒரு சோகமான வேடிக்கை. மோரியின் சொந்த நாடான ஜப்பான் தன் ஜே.ஜே.ஒய். நேர நிலையத்தின் சிற்றலை ஒலிபரப்பை 2001 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு, 40 கிலோஹெர்ட்ஸுக்கு, சேவை மாறியது. சுவர்க் கடிகாரங்கள் தாமே நேரம் திருத்திக்கொள்ள அது வசதி. சிற்றலை ரேடியோவும் சவுண்ட் கார்டும் வைத்திருந்தவர்கள் சீனத்தையோ ஹவாயையோ தேடிப் போக வேண்டியதாயிற்று. 2018-இல் அமெரிக்காவிலும் இதே பேச்சு எழுந்தது. அடுத்த நிதியாண்டின் பட்ஜெட் திட்டத்தில் கொலராடோ, ஹவாய் நிலையங்களை மூடும் யோசனை இடம்பெற்றது. ஜி.பி.எஸ்.ஸும் இணையமும் இருக்கும்போது 'டிக் டிக்' எதற்கு என்ற கேள்வி கணக்காளர் மேசையில் நியாயமாகத்தான் தோன்றும். ஹாம்கள் கொதித்தெழுந்து மனுக்கள் அனுப்பினார்கள். நிலையங்கள் தப்பின. 2019-இல் டபிள்யூ.டபிள்யூ.வி. தன் நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது அதன் வளாகத்திலேயே ஹாம்கள் கூடாரம் போட்டுச் சிறப்பு நிலையம் நடத்தினார்கள்.

இணைய நேரத்தைக் கொண்டும் சவுண்ட் கார்டைத் திருத்தலாம், சில மென்பொருள்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் எதையும் திருத்தாமலே தப்பிக்கும் வழி ஒன்றும் வந்துவிட்டது. மார்ட்டின், ஸ்காட்டி முறைகளில் சிங்க் துடிப்பைப் பெறுபவர் தேட வேண்டியதில்லை என்றாலும் அது சத்தத்தில் இருக்கத்தான் செய்கிறது. படம் முழுக்க வந்தபின் அந்தத் துடிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை ஒரு சாய்கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் சாய்வை அளந்து படத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால் நேராகிவிடும். ஸ்லோஆர்எக்ஸ் என்ற மென்பொருள் இதற்கு ஹஃப் உருமாற்றம் என்ற கணிதத்தைப் பயன்படுத்துகிறது. அணுத் துகள்கள் குமிழிக் கலங்களில் விட்டுச்செல்லும் கோடுகளைப் புகைப்படங்களில் கண்டுபிடிக்க 1959 வாக்கில் உருவாகி, 1962-இல் காப்புரிமை பெற்ற உத்தி அது. இரைச்சலில் பாதித் துடிப்புகள் காணாமல் போனாலும் மீதியை வைத்துக் கோட்டைக் கண்டுபிடித்துவிடும்.

வசதிதான். ஆனால் இந்தத் தானியங்கித் திருத்தம் வந்தபிறகு பழைய சங்கடம் வேறு உருவில் திரும்பியது. வருகிற எல்லாப் படமும் தானாக நிமிர்ந்துவிடுவதால் தன் கடிகாரம் தவறு என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. அவர்கள் அனுப்புவது சாய்ந்தே போகிறது. கேட்டதைத் திரும்ப ஒலிபரப்பும் எஸ்.எஸ்.டி.வி. ரிப்பீட்டர்களில் இதைப் பார்க்கலாம். ரிப்பீட்டர் சாய்வோடு வாங்கிய படத்தைப் புதுப் படமாக அனுப்பும்போது துடிப்புகள் எல்லாம் நேராகிவிடும். சாய்வு படத்துக்குள் உறைந்துவிடும். அதற்குமேல் எந்த மென்பொருளாலும் தானாக நிமிர்த்த முடியாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே சாய்ந்த வீட்டின் நேரான படம்.

கடிகாரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வரக்கூடிய சாய்வும் ஒன்று உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்கள் அனுப்புகிறது. 2010-களின் பின்பாதியிலிருந்து பெரும்பாலும் பி.டி.120 என்ற முறையில். 1996-இல் வந்த பி.டி. குடும்பத்தைச் சேர்ந்த இதில் 640 புள்ளி அகலம், 126 விநாடி நேரம், ஒரு புள்ளிக்கு 0.19 மில்லி விநாடி. மார்ட்டினை விட இரண்டு மடங்குக்கும் மேல் கண்டிப்பானது. விண்வெளி நிலையம் அடிவானத்திலிருந்து நெருங்கி வரும்போது ஒரு படம் முடிவதற்குள் தூரம் சுமார் 800 கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. கடைசி வரி பயணம் செய்ய வேண்டிய தூரம் முதல் வரியை விடக் குறைவு, அதனால் அது 2.7 மில்லி விநாடி முன்பாகவே வந்து சேரும். 14 புள்ளி இடப்புறம். விலகிப் போகும்போது வலப்புறம். தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தால் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி மறுபக்கமும் போய், நேரான விளிம்பு இடப்பக்க அடைப்புக்குறி போல லேசாக வளையும். சில புள்ளிகள்தான். அனுப்பிய கடிகாரமும் சரி, பெற்ற கடிகாரமும் சரி, நடுவில் உள்ள தூரம் மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை.